சில்லறையின் இடது மூக்கு

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை ஐந்தரை மணி திருப்பதி சர்வீஸ். புத்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே படிக்கட்டு வரை ஆள். ஆந்திராவில் பெண்களுக்கு இலவசம் ஆனதிலிருந்து தினமும் இதே கதைதான். ஆதாரைப் பார், ஜீரோ டிக்கெட் அடி, "உள்ள போம்மா, உள்ள போம்மா" என்று கத்து. கண்டக்டர் வேலையில் முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. முட்டி இரண்டும் தனியாகக் கழன்று விழுந்துவிடும் போலிருக்கிறது. இன்னும் மூன்று வருஷம் ஓட்ட வேண்டும்.

வடமாலப்பேட்டையில் லட்சுமம்மா ஏறினாள், தலையில் அருகம்புல் மூட்டையோடு. திருப்பதியில் கோயில் வாசலில் உட்கார்ந்து விற்கிறவள். தெலுங்குக்காரி. அருகம்புல்லை அவள் 'கரிக' என்பாள். காஞ்சனாவுக்காக ஒரு கட்டு வாங்கிக்கொண்டேன். விநாயக சதுர்த்தியிலிருந்து என் வீட்டுக்காரி செவ்வாய்தோறும் பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை போடுகிறாள். தரணிக்காக வேண்டுதல். எங்கள் பெண்ணுக்கு இரண்டு தடவை தங்கவில்லை. இது மூன்றாவது. ஐந்தாம் மாதம்.

சாயந்திரம் பூஜை அலமாரிப் பக்கம் கூச்சல்.

"இன்னாங்க, உங்க பூனை பிள்ளையார் மாலைய துன்னுக்கினு கீது! சாமிக்குப் போட்டத எச்ச பண்ணிடுச்சி!"

'உங்க பூனை'யாம். தப்பு செய்தால் என் பூனை. மடியில் வந்து படுத்தால் அவள் பூனை. பதின்மூன்று வருஷமாக இந்த நியாயம்தான் நடக்கிறது. டிப்போவில் என் தோல்பைக்குள் நுழைந்து காசுகளின்மேல் தூங்கிக்கொண்டிருந்த குட்டி. அதனால் சில்லறை என்று பேர் வைத்தது தரணி.

செப்டம்பர் 10, புதன்

வாசற்படியில் புல்லும் நுரையுமாக வாந்தி. கழுவியது நான்.

செப்டம்பர் 12, வெள்ளி

சில்லறை தும்முகிறது. காலையில் ஷேவ் செய்துகொண்டே எண்ணினேன். பதினொன்று. ஒவ்வொரு தும்மலுக்கும் தலை தரையில் இடிக்கிறது. முடித்துவிட்டு என்னைப் பார்க்கிறது, நான் ஏதோ பண்ணின மாதிரி.

செப்டம்பர் 18, வியாழன்

புத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆடு, எருமை, நடுவில் கூடையோடு நான். சளி என்றார் டாக்டர். ஊசி போட்டு ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். மாத்திரையை வாயைத் திறந்து போட வேண்டுமாம். யார் வாயை யார் திறப்பது? இரண்டு கையிலும் கீறல். பஸ்ஸில் ஒரு அம்மா "வீட்ல சண்டையா கண்டக்டர் சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்குவதற்குத் தெம்பில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

மாத்திரை இருந்தவரை நன்றாக இருந்தது. முடிந்த மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. இப்போது மூக்கு ஒழுகவும் ஆரம்பித்துவிட்டது. கெட்டியாக, மஞ்சளாக. இடது பக்கம் மட்டும். வலது மூக்கு சுத்தமாக இருக்கிறது. சளி என்றால் இரண்டு பக்கமும் தானே வரும்?

எழுதி வைக்கிறேன். யாராவது கேட்டால் சொல்லலாம்.

செப்டம்பர் 27, சனி

வீட்டில் சண்டை. சாம்பிராணிப் புகைதான் காரணம் என்று நான் சொன்னேன்.

"பதிமூணு வருஷமா போடற சாம்பிராணி இப்பதான் அதுக்கு ஆவலியா? நீங்க கொளுத்தற கொசுவத்திச் சுருள மொதல்ல நிறுத்துங்க."

நியாயம்தான். இரண்டையும் நிறுத்தியாயிற்று. சாமி புகையில்லாமல் இருக்கிறார், எங்களைக் கொசு தின்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. டிப்போவில் பஸ்ஸுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி வாங்கி வந்தேன். வழக்கமாகப் பொரிப் பையைக் கிழிக்கிற பூனை இன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தும்மல் இருபத்திரண்டு. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

புகையும் இல்லை, சுருளும் இல்லை. பத்து நாள். ஒன்றும் மாறவில்லை. காஞ்சனா சாம்பிராணித் தட்டை எடுத்து மறுபடியும் துடைத்து வைத்தாள். அவள் வாயைத் திறந்து ஜெயித்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

பலமனேரிலிருந்து தரணி போன். ஏழாம் மாதம் சீமந்தம் முடித்து நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறாள். மாப்பிள்ளை திலீப்தான் கொண்டுவந்து விடுகிறார். அவளுடைய மாமியார் போனை வாங்கி, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்கள்: "மூக்கு ஒழுகற பூனைய வெச்சிக்கினு புள்ளத்தாச்சிப் பொண்ண எப்பிடி சம்பந்தி வெச்சிக்குவீங்க? கொழந்த வேற பொறக்கப்போவுது. ரெண்டு தடவ பட்டது போதாதா?"



போனை வைத்ததும் காஞ்சனா: "அதுக்குள்ள செரியாவணும். இல்லன்னா நீங்களே எங்கனா உட்டுட்டு வந்துடுங்க. டிப்போலருந்து தானே வந்திச்சி, டிப்போலயே உடுங்க."

பதின்மூன்று வயசுப் பூனையை டிப்போவில் விட்டால் ரெண்டு நாள் தாங்குமா? அவளுக்கும் தெரியும். அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

தின்பதில்லை. வாசனை தெரியாவிட்டால் பூனை தின்னாதாம், மாட்டாஸ்பத்திரியில் சொன்னார்கள். நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு, சூடாக மூக்கின்கீழ் பிடித்தேன். நாலு தடவை நக்கியது. வீடு முழுக்கக் கருவாட்டு வாசனை. காஞ்சனா ஜன்னலைத் திறந்து வைத்ததோடு சரி. செவ்வாயாக இருந்திருந்தால் என்னையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பாள்.

விழுங்கும்போது கழுத்தை நீட்டி நீட்டி விழுங்குகிறது. தொண்டையில் ஏதோ மாட்டின மாதிரி. இதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நாள் பூரா வெடிச் சத்தம். சில்லறை பீரோவுக்குக் கீழே. மூக்கால் மூச்சு விட முடியாமல் வாயைத் திறந்து இரைக்கிறது. நானும் பீரோ பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டேன். எழுந்திருக்கக் காஞ்சனா கை கொடுக்க வேண்டியிருந்தது. "ரெண்டு கெழமும் ஒண்ணா படுத்துக்கினு கீதுங்க" என்று சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து.

அக்டோபர் 24, வெள்ளி

லீவு கேட்டு மூன்றாம் தடவை கிடைத்தது. மூடிபோட்ட கூடையில் சில்லறையைப் போட்டுத் திருப்பதிக்கு. அங்கே பிராணிகளுக்குத் தனி ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. என் ரூட் பஸ்தான். இன்றைக்கு கண்டக்டர் வேறு ஆள். கூடையைத் தட்டிக் கேட்டான்: "அண்ணே, இது ஆம்பளையா பொம்பளையா? பொம்பளைன்னா ஆதார காட்டு, ஃப்ரீ." பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே அது தும்மியது.

டாக்டரம்மா சின்ன வயசு. தெலுங்கில்தான் பேச்சு. எத்தனை நாள், எந்தப் பக்கம், எப்போதிலிருந்து ஒழுகல் என்று வரிசையாகக் கேட்டார். நான் இந்த நோட்டை எடுத்துப் படித்தேன். நிமிர்ந்து பார்த்து, "இப்படி எழுதிக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்ததே இல்லை" என்றார். முப்பத்து மூன்று வருஷம் டிப்போவுக்குக் கணக்கு எழுதியவன், அம்மா. வேறு என்ன தெரியும் எனக்கு?

வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். பல்லின் வேர் அழுகினாலும் ஒரு பக்க மூக்கு ஒழுகுமாம். பல் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் மூக்கின் பின்னால் ஏதோ அடைப்பு. "வயசு ஐபோயிந்தி கதா, கட்ட கூட அவ்வொச்சு" என்றார். வயசாகிவிட்டதே, கட்டியாகக்கூட இருக்கலாம். தெலுங்கில் 'கட்ட' என்றால் நம்ம கட்டி.

லேசாக மயக்க ஊசி போட்டு, தொண்டை வழியாக ஒரு சின்ன கேமராவை விட்டுப் படம் எடுத்தார்கள். அதற்குள் அது முழித்துக்கொண்டு புரண்டதால் சரியாகப் பார்க்க முடியவில்லை. ரத்தமும் எடுத்தார்கள். படத்தைப் பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு நாளைக்குப் போன் செய்கிறோம் என்றார்கள். கம்பவுண்டர் ஹரிபாபு வாசல்வரை கூடையைத் தூக்கி வந்தார். என் வயசு இருக்கும். நான் தமிழ் ஆள் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே குஷி. "நான் மெட்ராஸ்ல ரெண்டு வர்ஷம் உண்டேன் சார். தமிழ் பாகா தெரியும்." இருந்தேன் என்பதற்குத்தான் 'உண்டேன்', நன்றாக என்பதற்கு 'பாகா'.

எனக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவர் விடவில்லை. தமிழில்தான் பேசுவேன் என்று நின்றார். நல்ல மனுஷன்.

அக்டோபர் 25, சனி

பஸ் ரேணிகுண்டாவில் நிற்கும்போது போன். ஹரிபாபு. உள்ளே தொண்ணூறு பேர், வெளியே ரயில்வே கேட் சத்தம், ஒரு குழந்தை அழுகிறது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"சார், பூனை மூக்கு பின்னால கட்டி உந்தி, இருக்கு சார். ஃபோட்டோல தெரிது. மயக்கம் குடுத்து எடுக்கணும். வயசு ஜாஸ்தி, கிட்னி கொஞ்சம் வீக், ரிஸ்க் உந்தி. வியாழக்கிழமை கொண்டு வாங்க சார்."

சரி என்றேன். வைத்துவிட்டேன். டிக்கெட் அடித்தேன்.

மூக்கில் கட்டி. அவ்வளவுதான்.

என் கூடப்பிறந்த அப்பாவு அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி என்றும் போனில்தான் சொன்னார்கள். அன்றைக்கும் பஸ்ஸில்தான் இருந்தேன். அறுத்து எடுத்தார்கள். அதற்கப்புறம் நாலு மாசம் அண்ணன் பட்டது — வேண்டாம். எழுத மாட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

காஞ்சனாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். டிப்போவில் விடச் சொன்னவள்.

"அறுத்து இன்னா ஆவப்போவுது? உங்க அண்ணன அறுத்தாங்களே. அந்த மனுசனாவது வாய தொறந்து வலிக்குதுன்னு சொன்னாரு. இது சொல்லுமா?"

"அப்போ?"

"இருக்கற வரிக்கும் இங்கயே இருக்கட்டும். என் பொண்ணு வர்றதுக்குள்ள —" முடிக்கவில்லை. வெங்காயத்தைச் சாக்கு வைத்து அழுதாள். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

அறுக்க வேண்டாம் என்று முடிவு. சரியா? சரிதான். நிம்மதியாகப் போகட்டும். இத்தனை வயசுக்கு மேல் கத்தி எதற்கு? — சரிதானே?

அக்டோபர் 30, வியாழன்

போகவில்லை. ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து மூன்று தடவை போன் வந்தது. எடுக்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

சில்லறையைத் தூக்கினால் எலும்பு கையில் தட்டுகிறது. படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தபடியே தூங்குகிறது, தலை தொங்கித் தொங்கி. காஞ்சனா தன் பழைய சேலையைச் சுருட்டி அதன் தாடைக்குக் கீழே முட்டுக் கொடுத்திருக்கிறாள். கருவாட்டுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவது இப்போது அவள்தான். "துன்னுடி, என் கண்ணு, ஒரு வாய் துன்னு." தரணிக்குச் சோறு ஊட்டும்போது இந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன்.

தரணிக்கு இன்னும் சொல்லவில்லை. "சில்லற எப்டி கீது நைனா?" என்று கேட்டாள். தூங்குது என்றேன்.

படுக்கப் போகுமுன் காஞ்சனா சொன்னாள்: "நாளான்னிக்கி லட்சுமம்மாகிட்ட ரெண்டு கட்டு வாங்கியாங்க. ஒண்ணு நம்ம பொண்ணுக்கு. ஒண்ணு இதுக்கு."

எனக்கு ரொம்ப அசதியாக இருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை சர்வீஸ். வடமாலப்பேட்டையில் லட்சுமம்மா ஏறினாள். நாளை கார்த்திகைப் பௌர்ணமி என்று வழக்கத்தைவிட மூன்று மடங்கு பெரிய கோணி மூட்டை, படிக்கட்டையே அடைத்துவிட்டது. பின்னால் ஏறுகிறவர்கள் திட்டுகிறார்கள். நான் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தேன். எத்தனையோ வருஷமாக அவள் மூட்டைக்கு நான் டிக்கெட் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டேன். லக்கேஜ் டிக்கெட் எடு, இல்லாவிட்டால் மூட்டையை இறக்கு என்று தெலுங்கில் கத்தினேன்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"மனிஷிகி ஃப்ரீ, கட்டிகி டிக்கெட்டா சார்?"

மனுஷிக்கு இலவசம், புல்லுக்கு டிக்கெட்டா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது அடைத்துவிட்டது.

கட்டி. தெலுங்கில் கட்டி என்றால் புல்; அவர்கள் வாயில் கொஞ்சம் கனத்து வரும், போன் இரைச்சலில் அது எங்கே தெரிந்தது? மாட்டுக்குப் போடுகிற புல். நம்ம கட்டிக்கு அவர்கள் சொல்லுவது கட்ட. கட்ட வேறு, கட்டி வேறு. முப்பத்து மூன்று வருஷமாகக் கேட்கிற சொல். எத்தனை புல் மூட்டையை நானே "கட்டி மூட்ட பைன பெட்டு" என்று மேலே ஏற்றச் சொல்லியிருக்கிறேன்! அந்த ஆள் நமக்காகத் தமிழில் பேசினார். மூக்கு தமிழ், பின்னால தமிழ், 'உந்தி'யைப் போல அந்தச் சொல்லுக்கும் தமிழ் தெரியாமல் தன் பாஷையில் போட்டுவிட்டார். நான் அதையும் தமிழாக எடுத்துக்கொண்டேன். முந்தின நாள் டாக்டரம்மா பயமுறுத்தி வைத்திருந்தார், அண்ணன் ஞாபகம் வேறு. அந்தச் சொல்லுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன், பாவி.

விசில் கொடுத்துப் பஸ்ஸை ஓரம் கட்டினேன். டிரைவர் முறைத்தார். கீழே இறங்கிப் போன் போட்டேன். தெலுங்கிலேயே கேட்டேன், பூனை மூக்கில் இருப்பது கட்டவா, கட்டியா?

"கட்டி சார்! பச்ச கட்டி. நீங்க ஏன் வரலே? டாக்டரம்மா நாலு நாளா திட்டிக்கினு கீறாங்க. நான் போன் போட்டேன், எடுக்கல நீங்க. தமிழ்ல தானே சார் சொன்னேன்?"

ஆமாம் ஹரிபாபு. தமிழில்தான் சொன்னீர்கள்.

மூட்டைக்கு டிக்கெட் அடிக்கவில்லை. லட்சுமம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏமயிந்தி சார்?" என்றாள், என்ன ஆச்சு என்று. இரண்டு கட்டு வாங்க மறந்தே போனேன்.

நவம்பர் 5, புதன்

லீவு கேட்கவில்லை. போய்விட்டேன். மெமோ கொடுத்தால் கொடுக்கட்டும்.

காஞ்சனாவும் வந்தாள், கூடையை மடியில் வைத்துக்கொண்டு. நேற்று சாயந்திரம் அவளிடம் சொன்னபோது ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும், "பத்து நாளுங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

டாக்டரம்மாதான் திட்டினார், பத்து நாளில் உடம்பு பாதியாகிவிட்டது, சொன்ன வியாழக்கிழமையே வந்திருந்தால் இவ்வளவு பயமில்லை என்று. முழிக்காமலே போகலாம் என்ற காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

எடுத்தது கால் மணியில் முடிந்துவிட்டது. முழிக்கத்தான் முழிக்கவில்லை. ஒரு மணி நேரம். ஒன்றரை மணி. காஞ்சனா கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையாரிடம் என்ன வேண்டிக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை.

ஹரிபாபு ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து கையில் வைத்தார். உள்ளே ஒரு புல். ஒரே ஒரு இதழ், சுண்டுவிரல் நீளம், இன்னும் பச்சை மாறவில்லை. தின்ற புல்லைக் கக்கும்போது வாய்க்கு வராமல் மேல் வழியாக மூக்குக்குப் போய்ச் செருகிக்கொள்ளுமாம். ஓரமெல்லாம் முள் மாதிரி இருப்பதால் பின்னால் நகராதாம். பூனைகளுக்கு நடப்பதுதான் என்றார்.

காஞ்சனா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத புல்லா? வாராவாரம் ஆய்ந்து தொடுக்கிறவள்.

"நான் வெச்ச புல்லு" என்றாள்.

"நான் கேட்ட கட்டி" என்றேன்.

இரண்டு பேரும் சமம். பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

மூன்றே கால் மணிக்கு உள்ளேயிருந்து ஒரு தும்மல். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "லேச்சிந்தி" என்றார். எழுந்துவிட்டது. காஞ்சனா அங்கேயே, அத்தனை நாய்க்காரர்கள் முன்னால், ஓவென்று அழுதாள்.

நவம்பர் 8, சனி

நேற்று தும்மல் நான்கு. இன்று ஒன்று. சுடாத கருவாட்டையே தின்றது. தட்டை நக்கி, தட்டை நகர்த்தி, தட்டு இருந்த இடத்தையும் நக்கியது.

இடது பக்கம் உள்ளே புண் ஆறத் தாமதமாகும், மூச்சில் கொஞ்சம் சத்தம் எப்போதும் இருக்கும் என்றார்கள். கிட்னி இன்னும் மோசம். பத்து நாள் சரியாகத் தண்ணீர் இறங்காததும் ஒரு காரணம். ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று சொல்ல முடியாது. அந்தப் பத்து நாளை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

டிப்போவில் மெமோ வந்துவிட்டது. என்ன காரணம் எழுதுவது? 'புல்' என்று எழுதலாமா?

நவம்பர் 11, செவ்வாய்

லட்சுமம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். அப்புறம் ஒரு கட்டுப் புல்லை என் பையில் திணித்து, கூடவே ஒரு அதட்டல், பிள்ளையாரைத் தூக்கி மேலே வை என்று.

காஞ்சனா அதை முன்பே செய்துவிட்டாள். வேண்டுதலை நிறுத்த முடியாது, அது தரணிக்கு. பிள்ளையாரை பீரோ மேலே ஏற்றியிருக்கிறாள். ஸ்டூல் போட்டு ஏறி மாலை போடுகிறாள், விளக்கு அணைந்ததும் இறக்கிப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்துவிடுகிறாள். சில்லறை கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறது. பீரோ மேலே ஏறுகிற வயசெல்லாம் அதற்குப் போய்விட்டது. எனக்கும்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

பலமனேருக்குக் காஞ்சனாவே போன் போட்டாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"நோயெல்லாம் இல்ல சம்பந்தி. டாக்டரே சொல்லிட்டாங்க, ஒட்டற சீக்கு இல்ல. மூக்குல ஒரு புல்லு மாட்டிக்கிச்சி, எடுத்தாச்சி. பூனை இங்கதான் இருக்கும். கொழந்த பொறந்தா ரூமுக்குள்ள உடமாட்டேன், அது என் பொறுப்பு. பொண்ணு வர்ற அன்னிக்கி நீங்களும் வந்து பாருங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ. "சரி" என்று வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இன்னா பாக்கறீங்க?" என்றாள்.

நவம்பர் 23, ஞாயிறு

தரணி வந்துவிட்டாள். முகம் வீங்கி, கை நிறைய சீமந்த வளையல். மாமியார் வரவில்லை. திலீப் ஒரு மூட்டை தக்காளியோடு வந்து, சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பினார். ஆரத்தி எடுக்கும்போது சில்லறை வாசலின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. காஞ்சனா தட்டைப் பிடித்தபடியே, "பாத்து வாடி, கால்ல கீது, மிதிச்சிடாத" என்றாள். பெண்ணுக்காகச் சொன்னாளா பூனைக்காகச் சொன்னாளா தெரியவில்லை.

இப்போது உள்ளே தரணி இடது பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறாள். அவள் காலடியில் அது. இங்கே வரைக்கும் மூச்சு கேட்கிறது, லேசான சீழ்க்கை மாதிரி. அதுபாட்டுக்குக் கேட்கட்டும்.

நோட்டைப் பின்னால் புரட்டினேன். அக்டோபர் 25. 'மூக்கில் கட்டி. அவ்வளவுதான்.' அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் புல் என்று திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். எப்படித் திருத்துவது? அவர் சொன்னதும் கட்டிதான், நான் எழுதியதும் கட்டிதான். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை.

'அவ்வளவுதான்' என்பதை மட்டும் அடித்தேன்.